ஆனி முப்பத்திரண்டு

கொல்லிமலைமேல் இருக்கும் குழிவளவுக்குள் யார் வருவதானாலும் ஏழுபடிப் பாறையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஓடைக்குள் இறங்கி ஏறுவதற்காக யாரோ எப்போதோ பாறையில் வெட்டிய படிகள். மழைக்காலத்தில் ஊரின் நடப்பெல்லாம் அந்தப் படிகளைப் பொறுத்தது. கீழிருந்து மூன்று படி முங்கினால் மிளகு மூட்டை அக்கரை போகாது. நான்கு முங்கினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதற்கு மேல் போனால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டும் யாரும் இறங்க மாட்டார்கள்.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து என்ஜினியர் அருணா வந்தபோது ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அவர் டேப்பை விரித்து அகலம் அளந்தார். ஊரே சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசியது.

"ஐப்பசியில வந்து பாருங்க மேடம். பனைமரம் ஒசரம் வரும்."

"எல்லா ஊர்லயும் பனைமரம் ஒசரந்தாங்க வருது," என்றார் அருணா. சிரிக்காமல்தான் சொன்னார், ஆனால் கோபமும் இல்லை. "திட்டத்துல இந்த எடத்துக்கு ரெண்டு சிமெண்டுக் குழாய்னு இருக்குது. மேல மண்ணு கொட்டி ரோடு போட்டுருவாங்க."

"மொத மழைக்கே மண்ணு போயிருங்களே."

"இருக்கும். பாலம்னு மாத்தி எழுதோணும்னா நான் காரணம் காட்டோணும். எந்தெந்த நாளு, எவ்வளவு தண்ணி. வாய்ப்பேச்சை எழுதி அனுப்ப முடியாதில்லீங்களா."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து பாப்பாயி சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு எழுதி வெச்சிருக்காருங்க."

எல்லோரும் ராசப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். "கோணூசி மழையைக்கூட வீணாக்கமாட்டான் பாரு."

கோணூசி என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். சாக்கு தைக்கிற ஊசி அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். செருப்பு அறுந்தாலும் பை கிழிந்தாலும் உட்கார்ந்த இடத்தில் தைத்துவிடுவான். அவன் குடையில் குடையின் துணியைவிட ஒட்டுத்துணி அதிகம். கஞ்சன் என்று சொல்ல முடியாது, கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை. ஒரு பொருள் கெட்டுப்போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்ள மட்டும் அவனுக்கு மனம் வராது. பேச்சிலும் அப்படித்தான் சிக்கனம். நாமக்கல்லில் லாரி ஆபீஸ் ஒன்றில் ஆறு வருசம் கம்ப்யூட்டரில் பில் அடித்த காலத்தில்கூட, நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

வீட்டிலிருந்து நோட்டுகளைக் கொண்டுவந்து பாறைமேல் வைத்தான். பதினோரு நோட்டு. அருணா ஒன்றை எடுத்துப் புரட்டினார். நாளுக்கு ஒரு வரி. எந்த நாளும் விட்டுப்போகவில்லை.

"அரை உழவுன்னு போட்டிருக்கீங்களே, அது என்னங்க?"

"மண்ணைத் தோண்டிப் பாக்கறதுங்க. ஏரு எறங்கற ஆழத்துக்கு ஈரம் எறங்கியிருந்தா ஒரு உழவு மழை. பாதி எறங்கியிருந்தா அரை."

"படின்னா இந்தப் படிதானே?"

"ஆமாங்க."

அருணா வெகுநேரம் புரட்டினார். பிறகு நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "இது நல்ல விசயம். ஆனா தேதியெல்லாம் தமிழ்த் தேதியா இருக்குது. எங்க ஆபீஸ் மழைமானி ரிஜிஸ்தர் இங்கிலீஷ் தேதி. பதினோரு வருசத்துக்கு நான் பஞ்சாங்கம் பாத்துட்டு இருக்க முடியாதுங்க. நீங்க தேதியை மாத்தி அச்செடுத்துக் குடுங்க. பெரிய மழை பெஞ்ச நாளு ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா நானும் நம்புவேன், மேல இருக்கறவங்களும் நம்புவாங்க. ஒண்ணா இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு குழாய்தான்."

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ராசப்பனுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. நோட்டில் இருப்பதையெல்லாம் அவன் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். சேந்தமங்கலத்தில் யாக்கூப் பாயிடம் வாங்கிய பழைய லேப்டாப். இரண்டு வருசமாக ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து வரி வரியாக அடித்தது. அன்றைக்கு அதைத் திறந்ததும் திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. உங்கள் காலம் முடிந்தது, வருடச் சந்தா கட்டித் தொடரவும் என்றது. கட்டத்துக்குப் பின்னால் அவன் அடித்த வரிகள் மங்கலாகத் தெரிந்தன. தொட முடியவில்லை. அச்செடுக்கவும் விடவில்லை.

மறுநாள் லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி முடிக்கும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

யாக்கூப் பாயின் கடை, கடை என்பதைவிடக் கிடங்கு. காலேஜிலும் லாரி ஆபீசிலும் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். பாய்க்கு அறுபது வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"பாய், பெட்டி பூட்டிக்கிச்சு."

"பெட்டி பூட்டல ராசப்பா. உள்ள இருக்கறவன் பூட்டிட்டான். அது வாடகைக்குடித்தனம். வாடகை நின்னா சாமானை உள்ள வெச்சே பூட்டுவான்."

"அது என்ற சாமானுங்க."

"சாமான் உன்னுது. ஊடு அவனுது. உன்கிட்ட விக்கறப்ப ஓசியில ஓடுதேன்னு நானும் விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்." சொல்லிவிட்டு உள்ளே பார்த்து இரண்டு டீ சொன்னார். "வேற ஊடு இருக்குது. வாடகையில்லாத ஊடு. சாமானை அப்படியே அங்க தூக்கி வெச்சுரலாம். லினக்ஸ்னு பேரு. ஓப்பன் சோர்ஸ்."

"வெலை?"

"சும்மா."

ராசப்பன் டீயைக் கீழே வைத்தான். அவனுக்குச் சும்மா கிடைப்பதில் நம்பிக்கையில்லை. "சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறானுங்க?"

"இருபது வருசமா இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. எனக்கும் சரியாத் தெரியாது. உலகம் பூரா ஆளாளுக்குக் கொஞ்சம் எழுதி வெக்கறாங்க. அவங்களுக்கு வேணும்னு எழுதறாங்க, எழுதுனதைப் பொதுவுல வெச்சுட்டுப் போறாங்க. உள்ள எப்படி எழுதியிருக்குதுன்னு நீயே தொறந்து பாக்கலாம். புடிக்காட்டி மாத்திக்கலாம்."

"மாத்துனா சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"நல்லா மாத்துனீன்னா எங்களுக்கும் குடுன்னு கேட்டு வருவாங்க. அந்தச் சண்டைதான் நடக்கும்."

மதியத்துக்குள் பாய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பழையது சாகக் கிடந்த மாடுபோல எழுந்திருக்கக் கால்மணி நேரம் எடுக்கும். இது பட்டென்று எழுந்து நின்றது. ராசப்பனின் நாலாயிரம் வரியும் ஒன்று குறையாமல் வந்து உட்கார்ந்தன. கூலி கேட்டதற்கு, அடுத்த முறை வரும்போது நல்ல குச்சிக்கிழங்காக நாலு கொண்டுவா என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ராசப்பன் வெகுநேரம் யோசித்துக்கொண்டு வந்தான். அவனிடம் இருக்கும் எல்லாவற்றையும் அவன் ஒரு முறையாவது திறந்து பார்த்திருக்கிறான். பம்புசெட், டார்ச்சு, ரேடியோ, பாப்பாயியின் தையல் மெசின். திறந்து பார்த்த பிறகுதான் ஒரு பொருள் அவனுக்குச் சொந்தமானது மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் ஒன்றுதான் இத்தனை நாள் விருந்தாளி மாதிரி, வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

தேதி மாற்றுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். மிளகுத் தோட்டத்துக்கு மேலே சில்வர் ஓக் மரங்களை ஒட்டிப் பாதை திரும்புகிற இடத்தில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து தேடியதில் 'நாள்மாற்றி' என்று ஒரு சின்ன புரோகிராம் கிடைத்தது. திருவாரூர்ப் பக்கம் பத்திரம் எழுதும் ஆபீசில் வேலை செய்யும் சங்கீதா என்ற பெண் எழுதியது. பழைய பத்திரங்களில் இருக்கும் தமிழ்த் தேதிக்கு இங்கிலீஷ் தேதி கண்டுபிடிக்க எழுதியதாகவும், யாருக்குப் பயன்பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இரண்டே வரி போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அதை ஓட்டினான். ஒரு தும்மல் போடும் நேரம்தான். நாலாயிரம் நாளும் மாறி நின்றன. ஏழு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. ஏழும் வேறு வேறு வருசம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'ஆனி 32 என்று ஒரு நாள் இல்லை.'

நோட்டுகளை எடுத்துப் பார்த்தான். அவன் கையெழுத்திலேயே இருந்தது. ஆனி முப்பத்திரண்டு, தூறல், ஒரு படி. இன்னொரு வருசத்தில், ஆனி முப்பத்திரண்டு, மழை இல்லை, காற்று. அவன் யோசித்தான். முப்பத்திரண்டு நாள் உள்ள மாசம் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். காலண்டர்த் தாளைத் தவறாகக் கிழித்திருப்போம். படித்த பெண், பத்திர ஆபீசில் இருப்பவள், தேதியில் தப்புப் பண்ணுவாளா? எப்படியும் பெரிய மழை எதுவும் அந்த ஏழு நாளில் இல்லை.

ஏழு வரியையும் அழித்தான். அழித்த பிறகு, களையெடுக்கும்போது சாமைப் பயிரைப் புல்லென்று பிடுங்கிவிட்ட மாதிரி கை கொஞ்சம் கூசியது. அவ்வளவுதான். மறுநாள் செம்மேட்டுக்குப் போய், தாளின் இரண்டு பக்கத்திலும் அச்செடுத்து வாங்கி வந்தான்.

அன்று சாயங்காலம் பாப்பாயி வாசலில் உட்கார்ந்து குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவன் தாள்களைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்தபோது அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு முதல் தாளைக் கையில் பிடித்திருந்தாள்.

ராசப்பன் நின்றுவிட்டான். முதல் நோட்டின் முதல் வரியை அவன் ஒருநாளும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரிலும் அதற்கு மேலே போகாமல் இரண்டாவது வரியோடு நிறுத்திக்கொள்வான். அதை எழுதியதோடு சரி.

பதினோரு வருசத்துக்கு முந்தைய ஐப்பசி. பாப்பாயிக்கு எட்டாவது மாசம். காலையில் வலி எடுத்தது. ஓடையில் ஆறு படி முங்கியிருந்தது. அக்கரையில் ஜீப் வந்து நின்றும் பயனில்லை. நாலு மணிக்குத் தண்ணீர் இறங்கியபிறகு கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நாமக்கல் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. குழந்தை இல்லை. அதற்கப்புறமும் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது சுவரில் காலண்டர் அன்றைய தாளோடு அப்படியே தொங்கியது. கிழிக்க ஆளில்லை. ஐப்பசி பத்தொன்பது. அதைத்தான் அவன் ஒரு புது நோட்டில் முதல் வரியாக எழுதினான். ஐப்பசி 19, இரண்டு உழவு, ஆறு படி. வீடு திரும்பிய அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் எழுதுகிறான். ஏன் எழுதுகிறாய் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

"இது தப்புங்க," என்றாள் பாப்பாயி.

"எது?"

"நவம்பர் நாலுன்னு போட்டிருக்குது. அஞ்சு."

"மெசினு மாத்துனது, பாப்பாயி. ஐப்பசி பத்தொம்பதுக்கு..."

"அஞ்சுங்க." குரல் உயரவில்லை. எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். ரேஷன் கார்டுக்கும் பழைய கம்மலுக்கும் அடியில், நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப்பசையால் தாள் ஒட்டியிருந்தது. அவனைப் போலவே அவளும் ஒட்டுப்போட்டிருக்கிறாள். அவள் பெயர், வயது, சேர்த்த நேரம். தேதி நவம்பர் ஐந்து.

அப்படியொரு சீட்டு வீட்டில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

கோழிகள் கூட்டுக்குள் அடங்கின. ஓடைப் பக்கம் தவளை ஒன்று தொடங்கி நிறுத்தியது.

"ஐப்பசி பத்தொம்பதுதான்," என்றான் ராசப்பன் கடைசியில். "காலண்டரு கிழிக்காம இருந்துச்சு."

"தெரியும். வந்ததும் நானும் அதைத்தான் பாத்தேன்."

"நீ பாத்தியா?"

"பாக்காம எங்க போவேன். நேரா எதுக்க மாட்டி வெச்சிருந்தீங்க." கத்தியை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, சீவுவதை நிறுத்தாமலேயே சொன்னாள்: "அப்ப நீங்களும் தப்பில்ல, நானும் தப்பில்ல. மெசினுதான் தப்பு."

ராசப்பனுக்கு அப்போதுதான் அழித்த ஏழு நாளும் நினைவுக்கு வந்தன.

விடிந்ததும் நாள்மாற்றியின் உள்பக்கத்தைத் திறந்தான். திறக்கலாம் என்று பாய் சொன்னது உண்மைதானா என்று கை தயங்கியது. திறந்தது. பெரும்பாலானது புரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரியில் பன்னிரண்டு மாசத்தின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தன. சித்திரை 31. வைகாசி 31. ஆனி 31.

இதுதான். ஆனிக்கு முப்பத்தொன்றுதான் என்று முடிவு கட்டி எழுதியிருக்கிறாள். அதனால் ஆனிக்குப் பிறகு அந்த வருசம் முழுக்க ஒவ்வொரு தேதியும் ஒருநாள் முன்னால் போயிருக்கிறது. இதை அப்படியே அருணாவிடம் கொடுத்திருந்தால், பெரிய மழை ஒவ்வொன்றும் ஆபீஸ் ரிஜிஸ்தரோடு ஒருநாள் தள்ளி நின்றிருக்கும். இரண்டு குழாய்.

எண்ணை முப்பத்திரண்டாக மாற்றி ஓட்டிப் பார்த்தான். முதல் வரி நவம்பர் ஐந்து என்று வந்தது. ஆனால் வேறொரு வருசத்தில் பங்குனிக் கடைசியும் சித்திரை ஒன்றும் ஒரே தேதியில் வந்து முட்டிக்கொண்டன. அந்த வருசத்து நோட்டில் ஆனி முப்பத்தொன்றோடு முடிந்து கோடு போட்டிருந்தது. ஆக, ஆனிக்கு வருசத்துக்கு வருசம் நாள் மாறும். ஓர் எண்ணைத் திருத்தித் தீராது.

சிக்னல் கிடைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து சங்கீதாவுக்கு எழுதினான். எழுதியது ஐந்து வரி. அழித்து அழித்து எழுதியதில் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. படித்தவர்களுக்குத் தப்பைச் சொல்லி எழுதுவது அவனுக்குப் பழக்கமில்லை.

பதில் மறுநாளே வந்தது.

"வணக்கம் ஐயா. நான் ஒரே ஒரு வருசத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பன்னிரண்டு எண்ணையும் எழுதிவிட்டேன். நூறு வருசத்துப் பத்திரத்தில் ஒருநாள் தள்ளிப்போனால் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற மெத்தனம். யாரும் கேட்கவும் இல்லை, உங்களைத் தவிர. வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோசமாகவும் இருக்கிறது. வருசவாரியாக மாற்றி எழுதுகிறேன். என்னிடம் உள்ள பஞ்சாங்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உங்கள் நோட்டில் ஒவ்வொரு மாசமும் எத்தனை நாளில் முடிந்தது என்று அனுப்ப முடியுமா?"

அன்று மாலையும் மறுநாளும் ராசப்பனும் பாப்பாயியும் பதினோரு நோட்டையும் பரப்பிப்போட்டு உட்கார்ந்தார்கள். மாசம் முடியும் இடத்திலெல்லாம் அவன் கோடு போட்டிருந்ததால் தேடுவது சுலபம். அவள் படித்தாள், அவன் அடித்தான்.

"ஆடி முப்பத்தொண்ணு. இந்த வருசந்தானுங்க காத்து வந்து வாழையெல்லாம் சாச்சுது?"

"அதுக்கு அடுத்த வருசம்."

"இல்லீங்க, இதுதான். பாருங்க, எழுதியிருக்கீங்க. வாழை சாய்ந்ததுன்னு." சிரித்தாள். "இதுக்குக்கூட ரெண்டு வார்த்தைதானா? அத்தனை வாழை."

"எடம் பத்தாது."

"பத்தாதாக்கும். பாதி வரி சும்மாதான் கெடக்குது."

அவள் படிப்பது கொஞ்சங்கொஞ்சமாக மாசக்கடைசியை விட்டு நடுவிலெல்லாம் போயிற்று. பலா வெடித்த நாள், அவளுக்குக் காய்ச்சல் வந்த நாள், ஓடைக்கு அக்கரையில் கல்யாணம் நடந்து ஊர் மொத்தமும் இக்கரையில் நின்று வேடிக்கை பார்த்த நாள். அவன் தடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு வார்த்தைதான் எழுதியிருந்தான். மிச்சத்தை அவள் சொன்னாள்.

சங்கீதா இன்னொரு கேள்வி கேட்டிருந்தாள். முதல் வருசத்துக்கு நோட்டு ஐப்பசியில்தான் தொடங்குகிறது, ஐப்பசி பத்தொன்பது நவம்பர் ஐந்துதான் என்று எப்படி உறுதியாகத் தெரியும்? ராசப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மரங்களைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினான். அவள் அதைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. இந்தத் திருத்தத்துக்கு யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டாள். இரண்டு பெயரும் அனுப்பினான்.

புதன்கிழமை புதிய நாள்மாற்றி வந்தது. அதன் கீழே ஒரு வரி கூடியிருந்தது: 'மாத நாட்கள், கொல்லிமலை குழிவளவு பாப்பாயி, ராசப்பன் மழை நோட்டிலிருந்து.' பாப்பாயி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ற பேரை எதுக்கு முன்னால போட்டிருக்குது அந்தப் புள்ள?" என்றாள். "நான்தான் அப்படி எழுதிக் குடுத்தேன்," என்றான். அவன் அழித்த ஏழு நாளையும் நோட்டைப் பார்த்துத் திரும்ப அடித்தான். இந்த முறை சிவப்பு எதுவும் வரவில்லை. பழைய தாள்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, செம்மேட்டுக்குப் போய்ப் புதிதாக அச்செடுத்து வந்தான்.

வியாழக்கிழமை அருணா பாறையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு தொடையில் ஆபீஸ் ரிஜிஸ்தரின் நகல், இன்னொரு தொடையில் ராசப்பனின் தாள்கள். பேனாவால் இங்கே ஒரு டிக், அங்கே ஒரு டிக். ஊர் இந்த முறை பேசவில்லை.

"இந்த நாளு எங்களுக்கு மழையே இல்லீங்களே. நீங்க மூணு படின்னு போட்டிருக்கீங்க."

"மழை மேல பெஞ்சுதுங்க. தண்ணி இங்க வந்துச்சு."

பாப்பாயி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அதனாலதான் மழை இல்லைன்னும் பக்கத்துலயே எழுதியிருக்காருங்க." அருணா குனிந்து பார்த்துத் தலையாட்டி அதற்கும் டிக் போட்டார்.

பிறகு தாள்களை முதலிலிருந்து திருப்பினார். "இருக்கறதுலயே ஒசரம் மொத வரிதான். நவம்பர் அஞ்சு, ஆறு படி. எங்க ரிஜிஸ்தர்லயும் அந்த வருசத்துப் பெரிய மழை அன்னிக்குத்தான் இருக்குது." நிமிர்ந்தார். "இது எனக்கு முக்கியங்க. ஆறு படி எவ்வளவு நேரம் நின்னுச்சு? நேர்ல பாத்தவங்க இருக்காங்களா?"

ராசப்பன் ஓடையைத் திரும்பிப் பார்த்தான். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"காலைல ஆறு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்குங்க," என்றாள் பாப்பாயி. "நாந்தான் பாத்தேன். நீங்க உக்காந்திருக்கற இதே கல்லுல உக்காந்திருந்தேன். வலி எடுத்திருந்துச்சு."

அருணா சட்டென்று எழுந்துகொண்டார். பிறகு எழுந்ததற்காகச் சங்கடப்பட்டவர்போல நின்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பேனா மூடியைத் திறந்து, பத்து மணி நேரம் என்று எழுதிக்கொண்டார். கூட வந்திருந்த உதவியாளரைக் கூப்பிட்டு டேப்பைப் பிடிக்கச் சொன்னார். ஓடையின் அடியிலிருந்து ஆறாம் படி வரை. பிறகு அகலம், ஆறாம் படி மட்டத்தில் கரைக்குக் கரை. இரண்டு வாரம் முன்பு அளந்ததுபோல் மூன்று மடங்கு வந்தது.

ஏழாம் படிக்கு ஒரு முழம் மேலே பாறையில் சிவப்புப் பெயிண்டால் கோடு ஒன்று போட்டார்கள்.

"பாலத்தோட தளம் இதுக்கு மேலதான் வரும்," என்றார் அருணா. "குழாய் வேண்டாம்னு எழுதறேன், பாலத்துக்கு எழுதறேன். உங்க தாளை முழுசா கூட வெச்சு அனுப்பறேன். மேல போயித் திரும்பி வர நாளாகும். இந்த ஐப்பசிக்கு ஆகாதுங்க, பொய் சொல்ல மாட்டேன்."

"அடுத்த ஐப்பசிக்கு?" என்றாள் பாப்பாயி.

"நான் விடமாட்டேன்." கிளம்பியவர் திரும்பி ராசப்பனிடம் கேட்டார்: "இந்தத் தேதியை எதுல மாத்துனீங்க? எந்த ஊருக்குப் போனாலும் ஆடி, ஐப்பசின்னுதான் சொல்றாங்க. எனக்கும் வேணும்."

ராசப்பன் சட்டைப் பையில் கைவிட்டு, கோணூசியோடு கிடந்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான். "இதுலயே இருக்குதுங்க. உள்ள தொறந்தும் பாக்கலாம். எங்கயாவது தப்பா வந்தா எழுதுங்க, அந்தப் பொண்ணு திருத்திரும்."

அன்று அவன் பேசியதிலேயே அதுதான் நீளம்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. காலையில் ராசப்பன் குடையை எடுக்கப் போனபோது ஆணியில் குடை இல்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். பாப்பாயி ஓடைப் பக்கமிருந்து முழங்கால்வரை சேறோடு வந்தாள். ஒட்டுத்துணி வழியாகச் சொட்டிய தண்ணீரை வாசலில் உதறினாள்.

"மூணு படி. செவப்புக் கோட்டுக்கு இன்னும் நெறைய இருக்குது." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தள்ளுங்க, நான் அடிக்கறேன். நீங்க அடிச்சா ரெண்டு வார்த்தையில முடிச்சுருவீங்க."

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவள் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கத் தொடங்கினாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.